கொல்லைத் தண்ணீருக்குக் காவல்

தவழத் தொடங்கியது முதல் பள்ளிக்குப் போகும் வயது வரை, குழந்தைக்கு வீட்டைச் சுற்றி உள்ள பெரிய ஆபத்துகளுள் ஒன்று தண்ணீர். ஆற்றையும் கடலையும் கண்டு எல்லாரும் அஞ்சுவார்கள். கொல்லைக் கிணறு, வாசலில் புதைந்திருக்கும் சம்ப், துணி அலசும் அன்னக்கூடை, குளியலறைப் பக்கெட் ஆகியவை தினமும் புழங்கும் பொருள்கள் என்பதால் அவற்றின் மேல் அந்த அச்சம் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை.

சிறு குழந்தையின் உடலமைப்பே இதற்கு ஒரு காரணம். உடலோடு ஒப்பிட்டால் தலை பெரியது, கனமானது. கைகளில் இன்னும் வலு இல்லை. பக்கெட்டுக்குள் மிதக்கும் கப்பை எடுக்க எட்டிக் குனியும் குழந்தை தலைகீழாக விழுந்தால், கைகளை ஊன்றித் தன்னைத் தூக்கிக்கொள்ள முடியாது. பாதி நிறைந்த பக்கெட் கனமாக இருப்பதால் எளிதில் கவிழாது. தண்ணீர் உள்ளேயே நிற்கும். மூக்கும் வாயும் மூழ்க ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் போதும். மூச்சு நின்ற சில நிமிடங்களில் மூளை பழுதாகத் தொடங்குகிறது.

மற்றொரு காரணத்தைப் பெற்றோர் பலரும் அறிவதில்லை. மூழ்கும் குழந்தை கத்தாது. கத்துவதற்கு மூச்சு வேண்டும். அந்த மூச்சுதான் அப்போது இல்லை. கை தட்டிக் கூப்பிடுவது, தண்ணீரை அடித்துத் தெறிக்கவைப்பது எல்லாம் பெரும்பாலும் திரைப்படக் காட்சிகள். அடுத்த அறையில் இருக்கும் தாய்க்கு ஒரு சத்தமும் கேட்காது. இப்படி ஒரு மரணம் நேர்ந்த வீட்டில் "பிள்ளையைப் பார்த்துக்கொள்ளாமல் என்ன செய்தாய்?" என்ற கேள்வி முதலில் தாயை நோக்கியே பாய்கிறது. இது அநியாயமான கேள்வி. அடுப்பில் உலை, குழாயில் தண்ணீர் வரும் நேரம், இடுப்பில் கைக்குழந்தை என்று காலை வேளையில் ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்க்கும் வீட்டில், கண் இரண்டு நிமிடம் விலகத்தான் செய்யும். வங்கதேசத்தில் இதை ஆராய்ந்தவர்கள், குழந்தைகள் மூழ்குவது பெரும்பாலும் வீட்டுக்கு மிக அருகில், தாய் வேலையில் மூழ்கியிருக்கும் முற்பகலில் என்று கண்டார்கள். காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் ஒரு மணி வரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள 'ஆஞ்சல்' என்ற பெயரில் ஊருக்குள்ளேயே காப்பகங்கள் அமைத்தார்கள். அங்கே சேர்ந்த குழந்தைகளிடையே மூழ்கிச் சாவது பெருமளவு குறைந்தது. கண்காணிப்பை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தாமல், அவர் கண் தவறும் நேரத்துக்கு ஒரு தடுப்பையும் ஏற்பாடு செய்வதே சரியான வழி.

நகரத்து வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது சம்ப். லாரித் தண்ணீர் வந்ததும் குழாயை உள்ளே விடுவதற்காக மூடியைத் திறப்பார்கள். மோட்டார் ஓடுகிறதா, எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்க்கத் திறப்பார்கள். அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தால் திறந்த வாய் அப்படியே கிடக்கும். மூடியைத் திறந்தவர் அதை மூடும்வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் இரும்பு மூடி விளிம்பிலிருந்து துருப்பிடித்து அரிக்கும். மேலே பூசிய பெயின்ட் அதை மறைத்துவிடும். அப்படி அரித்த மூடி ஒருநாள் குழந்தையின் எடையைக்கூடத் தாங்காது. துருவேறிய மூடியை மாற்றுவதோடு, அதற்குக் கீழே கீல் வைத்த கம்பித் தட்டி ஒன்றையும் பொருத்தினால், மேல்மூடி திறந்திருந்தாலும் குழந்தை உள்ளே விழாது. பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள். செப்டிக் டேங்க் மூடிக்கும் இதே கவனம் வேண்டும்.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருந்தால் போதும் என்று நினைப்பது தவறு. சுவரின் உயரத்தைவிட, சுவரை ஒட்டி என்ன கிடக்கிறது என்பது முக்கியம். துவைகல், கவிழ்த்த வாளி, சிமென்ட் தொட்டி, செங்கல் அடுக்கு என எது இருந்தாலும் மூன்று வயதுப் பிள்ளைக்கு அது படிக்கட்டு. வீட்டு நீச்சல் குளங்களில் குழந்தைகளை இழந்து பாடம் கற்ற ஆஸ்திரேலியா, குளத்தைச் சுற்றி வேலி போடுவதைச் சட்டமாக்கியது. வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம், கம்பிகளுக்கிடையே 10 சென்டிமீட்டருக்கு மிகாத இடைவெளி, தானாகவே சாத்தித் தாழிட்டுக்கொள்ளும் கதவு, வேலிக்கு அருகே 90 சென்டிமீட்டருக்குள் காலூன்றி ஏற எதுவும் இல்லாத வெளி என்பவை அங்குள்ள அளவுகள். நம் கிணற்றுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். சுவர் நான்கு அடி இருக்கட்டும். சுற்றி மூன்று அடிக்கு எதுவும் வேண்டாம். மேலே இரும்புக் கம்பி மூடி பூட்டோடு இருக்கட்டும். இலை விழாமல் இருக்கக் கட்டும் நைலான் வலையை நம்பக் கூடாது. வெயிலில் அது இற்றுப்போகும்; குழந்தை விழுந்தால் தொய்ந்து தண்ணீர் வரை இறங்கும்.

தோட்டங்களில் நிலை இன்னும் மோசம். தரைமட்டத்தில் சுவரே இல்லாமல் வாய் பிளந்து நிற்கும் கிணறுகள் ஊருக்கு ஊர் உண்டு. பாலித்தீன் விரித்த பண்ணைக்குட்டையில் விழுந்தால் நீச்சல் தெரிந்த பெரியவரும் ஏற முடியாமல் வழுக்குவார். கரையில் முளையடித்து, முடிச்சுப் போட்ட கயிற்றைத் தண்ணீருக்குள் நாலு பக்கமும் தொங்கவிடுவது உயிர் காக்கும். தண்ணீர் இல்லாத குழியும் ஆபத்தே. கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே உத்தரவிட்டிருந்தும், 2019 அக்டோபரில் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை அப்படி ஒரு குழியில் விழுந்து இறந்தது.

வீட்டுக்குள் வேலை எளிது. பயன்படுத்தி முடித்ததும் பக்கெட்டையும் அன்னக்கூடையையும் கவிழ்த்து வைக்க வேண்டும். குளியலறைக் கதவின் வெளிப்புறத்தில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு கொக்கி வேண்டும். தண்ணீர்த் தட்டுப்பாட்டால் பிடித்துவைத்தே ஆக வேண்டிய டிரம்மை இறுக மூடிவைத்தால் டெங்கு கொசுவும் முட்டையிடாது. வடகிழக்குப் பருவமழை வந்ததும் பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்குத் தோண்டிய குழி குளமாகும். அதைச் சுற்றித் தடுப்புக் கட்டச் சொல்லி மனைக்காரரிடம் வற்புறுத்துவது அண்டை வீட்டார் உரிமை.

இந்தத் தண்ணீர் வீட்டு விலங்குகளுக்கும் ஆபத்துதான். நாய் நீந்தும், அதற்கென்ன ஆபத்து என்பார்கள். நீந்தும், ஆனால் செங்குத்தான சுவரில் ஏற அதனால் முடியாது. சுற்றிச் சுற்றி நீந்திக் களைத்து மூழ்கும். பக் போன்ற தட்டை முக நாய்கள் சரியாக நீந்தவும் மாட்டா. கிணற்றுச் சுவர்மேல் நடக்கும் பூனை, தண்ணீர் தேடி வரும் ஆட்டுக்குட்டி, கன்று ஆகியவையும் இப்படி மாட்டிக்கொள்ளும். தொட்டிக்குள் ஓர் ஓரமாகச் செங்கல்லைப் படிபோல அடுக்கினால் அல்லது சொரசொரப்பான பலகையைச் சாய்த்துக் கட்டினால் அவை தாமாகவே ஏறிவிடும். கிணற்றில் கயிற்றில் கட்டிய பலகை ஒன்று மிதந்தால், ஆள் வரும்வரை பூனை அதில் தங்கலாம். கோடையில் நிழலில் ஒரு சட்டி தண்ணீர் வைத்தால் அவை கிணற்றடிக்குப் போவதே குறையும். தேங்கிய தண்ணீரில் பச்சையாகப் பாசி படர்ந்திருந்தால் நாயைக் குடிக்க விடக் கூடாது. நீலப்பச்சைப் பாசி வகைகள் சிலவற்றின் நச்சு ஈரலையும் நரம்பையும் தாக்கி நாயைக் கொல்லக்கூடியது.

விழுந்த ஆட்டையோ கோழியையோ எடுக்கக் கிணற்றுக்குள் இறங்கியவர் மயங்க, அவரைத் தூக்க இறங்கிய அடுத்தவரும் மயங்க, ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் போய்விடும் செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. புழங்காத கிணற்றிலும் பூட்டிய சம்ப்பிலும் ஆக்சிஜன் குறைந்திருக்கும். செப்டிக் டேங்கில் நச்சுவாயுவும் இருக்கும். விளக்கை இறக்கி, அணையாவிட்டால் இறங்கலாம் என்ற பழைய வழக்கம் எல்லா நச்சுவாயுவையும் காட்டாது. எரியும் வாயு இருந்தால் விளக்கே வினையாகும். மேலிருந்தபடி கூடையையோ வலையையோ கயிற்றில் இறக்க வேண்டும். 101 அல்லது 112 எண்ணில் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.

குழந்தை காணவில்லை என்றால் முதலில் தேட வேண்டிய இடம் தண்ணீர்தான். கட்டிலடியையும் பக்கத்து வீட்டையும் பிறகு பார்க்கலாம். தூக்கிய குழந்தைக்கு மூச்சு இல்லையென்றால், தலைகீழாகப் பிடித்து உலுக்குவது, தலைக்குமேல் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் பொன்னான நேரத்தைத் தின்பவை. வாந்தி நுரையீரலுக்குள் போகவும் வழி செய்பவை. சமதளத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, முகவாயைச் சற்று உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊத வேண்டும். கைக்குழந்தையென்றால் வாயையும் மூக்கையும் சேர்த்தே மூடி, நெஞ்சு எழும்பும் அளவுக்கு மட்டும் ஊத வேண்டும். இரண்டு முதல் ஐந்து முறை ஊதியும் அசைவில்லையென்றால், நெஞ்சின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 முறை அழுத்தி, மீண்டும் இரண்டு மூச்சு ஊத வேண்டும். 108 ஆம்புலன்ஸ் வரும்வரை இதை நிறுத்தக் கூடாது. மூச்சு திரும்பி, அழுது, பால் கேட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். நுரையீரலில் புகுந்த தண்ணீரின் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் முற்றக்கூடும்.