மண்ணெண்ணெய்க்குப் பழகிய கார்கள்

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் யாழ். குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. முடங்கவிருந்த ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை நம்மவர் மண்ணெண்ணெய்க்குப் பழக்கினர். அதற்கென ஆக்கப்பட்ட இயந்திரங்களல்ல அவை. எனினும் பழைய இயந்திரங்களாதலால் அழுத்த விகிதம் குறைவு. தரங்குறைந்த எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன.

குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே 'சூப்பி'ப் போத்தலால் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலைப் பீச்சி இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவர். அத்துளிகளும் அன்று பொன்னுக்கு நிகர்!

இதனை வெறும் சாதுரியமென மெச்சுவோர் அதன் விலையை மறக்கின்றனர். எரியாத மண்ணெண்ணெய் வழிந்து என்ஜின் ஒயிலை நீர்க்கச் செய்தது, உள்ளுறுப்புகள் தேய்ந்தன, புகையையோ மக்கள் சுவாசித்தனர்.

அக்கைமுறை அறிந்த கராஜ் திருத்துநர்கள் முதுமையடைந்துவிட்டனர். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் பணியை யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் விரைந்து தொடங்க வேண்டுமென நாம் கோருகிறோம்.