மிலேயின் ரம்பம் அருப்புக்கோட்டையில் ஓடுமா?

இந்த எபிசோடுக்கான கேள்வி எங்க ஆபீஸ் கேன்டீன்ல பிறந்தது. டீ குடிச்சிட்டு இருந்தப்போ நண்பன் ஒருத்தன் போன்ல ஒரு வீடியோ காட்டினான். அர்ஜென்டினாவோட ஹாவியர் மிலே, தேர்தல் பிரசாரத்துல மரம் அறுக்கிற மெஷின் ரம்பத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். அரசாங்கச் செலவை இப்படித்தான் அறுத்துத் தள்ளுவேன்னு அர்த்தம். "நம்ம நாட்டுல இப்படி ஒருத்தர் பிரசிடெண்ட் தேர்தல்ல நின்னா ஜனங்க ஓட்டுப் போடுவாங்களாடா?"ன்னு கேட்டான்.

அந்த ரம்பத்தைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது சீமைக்கருவேலம்தான். எங்க அப்பா ஊர் திருச்சுழி பக்கம். கரிசல் காடு, வானம் பார்த்த பூமி. கண்மாய்க்குள்ள மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலத்தை அறுத்து, மூட்டம் போட்டு, கரியாக்கி விக்கிற ஊர். சரி, இந்தக் கேள்வியை அங்கேயே கொண்டுபோய்க் கேட்போம்னு போன தடவை ஊருக்குப் போனப்போ கேட்டேன். கூடவே பழைய தேர்தல் கணக்கையும் கொஞ்சம் புரட்டினேன். ரெண்டும் சேர்ந்ததுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல வார்த்தையைத் தெளிவு பண்ணிக்குவோம். லிபர்டேரியன்னா யாரு? தனிமனித சுதந்திரம்தான் முதல், அரசாங்கம் போலீஸ், கோர்ட், ராணுவத்தோட நிறுத்திக்கணும், வரி குறையணும், மானியம் போகணும், வியாபாரத்துல தலையிடக் கூடாதுன்னு நினைக்கிறவங்க. இன்ஜினியரிங் முடிச்ச புதுசுல நானும் கிட்டத்தட்ட இந்தக் கட்சிதான். முதல் மாசச் சம்பளத்துல வரி பிடிச்சதைப் பார்த்த எல்லாருக்கும் ஒரு வாரம் இந்தக் காய்ச்சல் வரும். எனக்கு ரெண்டு வருஷம் இருந்தது.

அடுத்தது சட்டம். நம்ம குடியரசுத் தலைவரை நீங்களும் நானும் தேர்ந்தெடுக்கிறதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் ஓட்டுப் போடுறாங்க. ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருத்தரோட ஓட்டு மதிப்பு 176. இது 1971 மக்கள்தொகைக் கணக்கை வச்சுப் போட்டது. வேட்புமனுவுல 50 பேர் முன்மொழியணும், இன்னொரு 50 பேர் வழிமொழியணும். அத்தனை பேரும் இதே எம்.பி., எம்.எல்.ஏ.க்கள்தான். அதனால கட்சி பலமே இல்லாத ஒரு வெளியாளுக்கு மனு நிலையிலேயே கதவு சாத்தியாச்சு. டயர் கடை வச்சிருந்த மேட்டூர் பத்மராஜன், 200 தடவைக்கு மேல விதவிதமான தேர்தல்கள்ல மனு போட்டவர், ஜனாதிபதி தேர்தலையும் விட்டு வைக்கலை. அவர் ஜனாதிபதி ஆகலைங்கிறது உங்களுக்கே தெரியும்.

ஆனா ஒரு தடவை கதவு கொஞ்சம் திறந்துச்சு. 1967. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியா இருந்த சுப்பா ராவ், அந்த வருஷம் பிப்ரவரியில கோலக்நாத் வழக்குல தீர்ப்பு சொன்னார். அடிப்படை உரிமைகள்ல நாடாளுமன்றம் கை வைக்க முடியாதுங்கிறதுதான் சாரம். அப்போ சொத்துரிமையும் அடிப்படை உரிமை. அரசாங்கத்தோட கையைக் கட்டணும்னு நினைச்சவங்களுக்கு இதைவிடப் பெரிய நீதிபதி கிடைப்பாரா? ஏப்ரல்ல அவர் பதவியை விட்டார், எதிர்க்கட்சிகளோட ஜனாதிபதி வேட்பாளரா நின்னார். ஜாகிர் உசேனுக்கு 4,71,244, சுப்பா ராவுக்கு 3,63,971. சுமார் 43 சதவீதம்! அரசியல்ல இல்லாத ஒரு ஆளுக்கு இது சாதாரண விஷயமில்லை.

அப்படின்னா அந்த 43 சதவீதமும் சொத்துரிமைக்கு விழுந்த ஓட்டா? இல்லை. அந்த வருஷம் பொதுத்தேர்தல்ல காங்கிரஸ் பல மாநிலங்கள்ல அடி வாங்கியிருந்தது. காங்கிரஸை எதிர்த்தவங்க ஒரு பொது ஆளைத் தேடினாங்க, அவர் கிடைச்சார். கொள்கைக்கு விழுந்த ஓட்டு எவ்வளவு, எதிர்ப்புக்கு விழுந்தது எவ்வளவுன்னு பிரிக்கணும்னா பொதுமக்கள் ஓட்டுப் போட்ட தேர்தலைத்தான் பார்க்கணும். அதுக்கு நம்ம மாநிலத்துலயே ஒரு கட்சி இருந்துச்சு.

ராஜாஜியோட சுதந்திராக் கட்சி. 1959ல ஆரம்பிச்சாங்க. காங்கிரஸ் அந்த ஜனவரியில நாக்பூர்ல கூட்டுறவு விவசாயத் தீர்மானம் போட்டது, அதுக்கு எதிரா. எதுக்கெடுத்தாலும் பெர்மிட், லைசென்ஸ், கோட்டான்னு நடக்கிற ஆட்சி ஒழியணும்னு ராஜாஜி சொன்னார். இந்தியாவுல மிலேவுக்குக் கிட்டத்துல வந்த கட்சி இதுதான்.

இப்ப கணக்கைக் கவனிங்க. 1962 சட்டமன்றத் தேர்தல்ல சென்னை மாநிலத்துல சுதந்திரா வாங்கினது சுமார் 7.8 சதவீதம் ஓட்டு, 6 இடம். 1967ல வாங்கினது சுமார் 5.3 சதவீதம், 20 இடம். ஓட்டு சதவீதம் குறைஞ்சது, இடம் மூணு மடங்குக்கு மேல ஏறுச்சு. 67ல தி.மு.க. கூட்டணியில கம்மியான தொகுதிகள்ல நின்னாங்க, கூட்டணி ஓட்டு முழுசா வந்து சேர்ந்தது. அந்தத் தேர்தல்ல தி.மு.க.வோட பெரிய வாக்குறுதி என்ன? ரூபாய்க்கு மூணு படி அரிசி! சந்தையில அரசாங்கம் தலையிடக் கூடாதுன்னு சொன்ன கட்சி, அரசாங்கம் அரிசி விலையைக் குறைக்கும்னு சொன்ன அலையில ஏறி 20 பேரைச் சட்டமன்றத்துக்கு அனுப்புச்சு. பக்கத்துல விருதுநகர்ல காமராஜரே 1,285 ஓட்டுல தோத்தது இதே தேர்தல்லதான்.

இனி அருப்புக்கோட்டைக்கு வருவோம். 1962ல அருப்புக்கோட்டை மக்களவைத் தொகுதியில ஜெயிச்சவர் முத்துராமலிங்கத் தேவர், ஃபார்வர்டு பிளாக். அந்தத் தேர்தல்ல அவரும் ராஜாஜியும் ஒரே அணி. நேதாஜி ஆரம்பிச்ச ஃபார்வர்டு பிளாக் சோஷலிசம் பேசுற கட்சி. சுதந்திரா அதுக்கு நேர் எதிர். ஓட்டுப் போட்ட மக்கள் ரெண்டு கொள்கை விளக்கத்தையும் பக்கத்துல வச்சுப் படிச்சா போட்டாங்க? ஆளுக்காகப் போட்டாங்க, காங்கிரஸ் மேல இருந்த கோபத்துக்காகப் போட்டாங்க, சாதிக்காகவும் போட்டாங்க. 1957 முதுகுளத்தூர் கலவரம் முடிஞ்சு அஞ்சு வருஷம்தான் ஆகியிருந்தது. அதை மறைச்சுட்டு இந்தத் தேர்தலைப் பேச முடியாது.

சரி, அது பழைய கதை, இப்ப என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்னு அருப்புக்கோட்டைல சித்தப்பாவோட தறி ஷெட்டுக்குப் போனேன். ஆறு பவர்லூம் ஓடுது. அந்தச் சத்தத்துல மிலேவை விளக்க முடியாதுன்னு வாசல்ல உட்கார்ந்து வீடியோவைக் காட்டினேன். "அரசாங்கம் உங்களைத் தொந்தரவே பண்ணாது சித்தப்பா. வரி கம்மி, ஆபீசர் வர மாட்டார், கணக்குக் காட்டுன்னு யாரும் நிக்க மாட்டாங்க. ஓட்டுப் போடுவீங்களா?"

"ஏப்பா, உடனே போடுவேன். இந்த ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுறதுக்கே ஒருத்தருக்குச் சம்பளம் கொடுக்கேன்ல."

"ஆனா மானியமும் போயிரும். பவர்லூமுக்கு ரெண்டு மாசத்துக்கு 1,000 யூனிட் ஃப்ரீ கரண்ட் கொடுக்காங்களே, அதுவும் இருக்காது."

சித்தப்பா போனைத் திருப்பிக் கொடுத்துட்டார். "அப்ப அந்த ஆளு அவுக ஊர்லயே இருக்கட்டும். நூல் விலை ஏறுற ஏத்தத்துக்கு கரண்ட்டுக்கும் காசு கட்டுனா நாலாவது மாசம் தறியைப் பழைய இரும்புக்குத்தான் போடணும்."

இதை முரண்பாடுன்னு சொல்லிச் சிரிச்சிரலாம். ஆபீஸ்ல நண்பன் அப்படித்தான் சிரிச்சான். ஆனா இதே முரண்பாடு ராஜாஜிகிட்டயே இருந்தது. 1952ல முதலமைச்சர் ஆனதும் உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தவர் அவர்தான். அதே ராஜாஜி, அதே பதவிக்காலத்துல, வேட்டியும் சேலையும் நெய்யுற உரிமையைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்குங்க, மில்லு நெய்யக் கூடாதுன்னு மத்திய அரசுகிட்ட வாதாடினார். நெசவாளி பட்டினி கிடக்கிறதைப் பார்க்கிற இடத்துல உட்கார்ந்தா சந்தைக் கொள்கைக்கும் விதிவிலக்கு வேண்டியிருக்கு.

எனக்கு உண்மையிலேயே உறைச்சது அடுத்த நாள் திருச்சுழி பக்கம் எங்க ஊர்லதான். அப்பத்தாகிட்டப் பேசிட்டு இருந்தேன். "அரசாங்கம் ஒண்ணும் செய்யாம இருந்தா நல்லதா அப்பத்தா?"ன்னேன். "ஏய்யா, பள்ளிக்கூடத்துல சோறு போட்டதாலதான் நான் அஞ்சாப்பு வரைக்கும் போனேன். இல்லைன்னா மாடு மேய்க்க விட்டிருப்பாக"ன்னாங்க. இது எதிர்பார்த்த பதில்தான். காமராஜர் ஊர்க்காட்டுல வேற என்ன சொல்வாங்க?

எதிர்பார்க்காதது பக்கத்துல உட்கார்ந்திருந்த ஒரு அக்கா சொன்னது. நூறு நாள் வேலைக்குப் போறவங்க. "முன்னாடி சம்சாரி சொல்றதுதான் கூலி தம்பி. வேற எங்க போறது? நூறு நாள் வேலை வந்த பொறகுதான் 'அந்தக் கூலிக்கு நான் வரல'ன்னு வாயைத் தொறந்து சொன்னோம்."

வேண்டாம்னு சொல்ற உரிமை. லிபர்டேரியன் புத்தகங்கள்ல சுதந்திரத்துக்கு அடிப்படையே அதுதான். நான் படிச்ச வரைக்கும் அதைப் பறிக்கிறது எப்பவும் அரசாங்கம். இந்த அக்காவுக்கு அதைக் கொடுத்ததே ஒரு அரசாங்கத் திட்டம். அவங்க சுதந்திரத்தைப் பிடிச்சு வச்சிருந்தது ஊரும், மழையும், வேற வேலை இல்லாததும். 'அரசாங்கமே விலகிப் போ'ன்னு ஒரு வேட்பாளர் வந்து சொன்னா, அந்த இடத்துக்கு யார் வருவாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையா ஊருக்குள்ள அடக்கி வைக்கப்பட்டவங்களுக்கு இன்னும் நல்லாவே தெரியும்.

அப்ப அர்ஜென்டினாவுல மட்டும் எப்படி ஜெயிச்சது? 2023 நவம்பர்ல மிலே சுமார் 55.7 சதவீதம் வாங்கினப்போ அங்கே வருஷப் பணவீக்கம் 140 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இன்னைக்கு 100 ரூபாய்க்கு வாங்கினது அடுத்த வருஷம் 240 ரூபாய். அரசாங்கம் கொடுக்கிற எதுவும் கைக்கு வர்றதுக்குள்ள கரைஞ்சு போகுது. இழக்க ஒண்ணுமில்லைங்கிற நிலைமை.

பக்கத்துல இலங்கையைப் பாருங்க. அங்கே ஜனாதிபதியை மக்களே நேரடியாத் தேர்ந்தெடுக்கிறாங்க. அநுர குமார திசாநாயக்க 2019ல வாங்கினது சுமார் 3 சதவீதம். 2022ல நாடு திவாலாகி, பெட்ரோலுக்கு வரிசையில நின்னு முடிச்ச பிறகு, 2024ல 42 சதவீதம் வாங்கி ஜனாதிபதி ஆயிட்டார். அவர் இடதுசாரி. மிலேவுக்கு நேர் எதிர்ப்பக்கம். பழைய வீடு இடிஞ்சு விழும்போது வெளியில நிக்கிற ஆளைக் கூப்பிடுறாங்க. அவர் வலது பக்கமா நிக்கிறாரா இடது பக்கமாங்கிறது ரெண்டாவது விஷயம். சாதாரண நேரத்துல என்ன நடக்கும்னா, 2016ல அமெரிக்காவுல லிபர்டேரியன் கட்சியோட கேரி ஜான்சன் வாங்கினது சுமார் 3.3 சதவீதம். அதுவே அந்தக் கட்சிக்கு அதுவரைக்கும் இல்லாத உச்சம்.

நண்பனுக்கு என்னோட பதில் இதுதான். அரசாங்கம் தொல்லை பண்ணாதேன்னு சொல்ற ஆளுக்கு அருப்புக்கோட்டையில ஓட்டு இருக்கு, நிறையவே இருக்கு. கணக்கைச் சுலபமாக்கு, சான்றிதழுக்கு அலைய விடாதே, லஞ்சம் கேட்காதேன்னு ஒருத்தர் நின்னா எங்க சித்தப்பாவே நோட்டீஸ் கொடுப்பார். அரசாங்கம் கொடுக்கவே கொடுக்காதேன்னு சொல்ற ஆளுக்கு ஓட்டு இல்லை. சுதந்திராவுக்கு இந்த மாநிலம் தன்னந்தனியா கொடுக்காததை ஒரு ரம்பத்தைத் தூக்கிக் காட்டினதுக்காகக் கொடுத்துராது.

நண்பன் இன்னும் ஒத்துக்கலை. "எல்லாரும் ஓசிக்குப் பழகிட்டாங்க"ங்கிறான். நான் அவன்கிட்ட ஒண்ணுதான் கேட்டேன். நாம ரெண்டு பேரும் இன்ஜினியரிங் படிச்சது முதல் பட்டதாரி கட்டணச் சலுகையிலதானேடா? கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் டீக்கு அவனே காசு கொடுத்தான்.

உங்க ஊர்ல, உங்க வீட்டுல இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்க. முதல்ல வரி குறையும்னு சொல்லிக் கேளுங்க, அப்புறம் என்னென்ன போகும்னு சொல்லிக் கேளுங்க. ரெண்டு பதிலையும் எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.