பூச்சியை மயக்கும் கலப்புப் பயிர்

திருகோணமலை என்றவுடன் நமது நினைவில் முந்தி நிற்பது அதன் இயற்கைத் துறைமுகமே. ஆனால் நகரை விட்டு மூதூர், குச்சவெளி முதலிய பக்கங்களுக்குச் சென்றால், மழையையும் மண்ணையும் நம்பி வாழும் கமக்காரரைக் காண்கின்றோம். மேட்டுநிலத்தில் விளையும் கௌபி, பயறு, உழுந்து ஆகியன குடும்பத்துக்குப் புரதம் அளிப்பன. காற்றிலுள்ள நைதரசனை வேர்முடிச்சுகளிற் சேர்த்து மண்ணையும் வளப்படுத்துவன.

இப்பயிர்களுக்குப் பகையும் பல. அழுக்கணவன் இளந்தளிரின் சாற்றை உறிஞ்சுவதோடு வைரசு நோயையும் பரப்பும். காய்துளைப்பான் புழு பூவையும் காயையும் குடைந்தழிக்கும். இவற்றுக்குக் கிருமிநாசினி ஒன்றே மருந்தென நம்பியிருந்த கமக்காரர், 2021 ஆம் ஆண்டில் இரசாயன உரங்களும் கிருமிநாசினிகளும் சில மாதங்கள் இறக்குமதி செய்யப்படாதபோது திகைத்து நின்றதை நாம் மறத்தற்கில்லை.

வேறு வழியே இல்லையா? உண்டு. வரண்ட வலயத்துச் சேனைகளில் நம் முன்னோர் குரக்கன், சோளன், பயறு, எள், பூசணி ஆகியவற்றைக் கலந்தே பயிரிட்டனர். அதனையே இன்று ஒழுங்கான நிரைகளிற் செய்வது ஊடுபயிர்ச் செய்கையாகும்.

இதனால் பூச்சி குறைவது எங்ஙனம்? ஒரே பயிர் பரந்து கிடக்கும் நிலம் பூச்சிக்கு வைத்த விருந்தன்றோ? கௌபிக்கு இடையிடையே சோளன் நிரை நின்றால், பூச்சி தன் உணவைத் தேடியலைய நேர்கிறது. வெறுநிலத்தின் நடுவே பசுமையாய்த் தோன்றும் செடியையே அழுக்கணவன் எளிதில் நாடும். நிலம் மூடியிருந்தால் அந்த அடையாளம் மங்கிவிடும். அன்றியும், அழுக்கணவனைத் தின்னும் பொறிவண்டுக்கும் சிலந்திக்கும் அங்கே புகலிடம் கிடைக்கிறது.

எனினும் எல்லாக் கலப்பும் நன்மை தருவதில்லை. 1991 இல் அன்டோ என்னும் அறிஞர் 287 பூச்சியினங்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினார். கலப்புப் பயிரில் நூற்றுக்கு 52 இனங்கள் குறைந்திருந்தன. 15 இனங்களோ பெருகியிருந்தன. பச்சைக் காய்ப்புழுவைப் போன்ற சில சோளனையும் அவரையினத்தையும் ஒருங்கே உண்ணும். சோளனை நெருக்கி நட்டால் நிழல் மிகுந்து கௌபியின் விளைச்சலும் குன்றும்.

ஆதலின் முதலில் நிலத்தின் ஒரு மூலையில் இதனைச் செய்துபார்த்தல் நன்று. விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையையும் பெறலாம். மாணவர்கள் பாடசாலைத் தோட்டத்தில் தனிப்பாத்தி ஒன்றும் கலப்புப்பாத்தி ஒன்றும் அமைத்து, வாரந்தோறும் பூச்சிகளை எண்ணி எழுதிவரலாம். ஒரு முறை மருந்து தெளிப்பது குறைந்தாலும் கமக்காரரின் செலவு குறையும். நம் பிள்ளைகளின் உணவில் நஞ்சும் குறையும்.