உடைந்த பிளேடில் ஒரு தோணித் தளம்

தூத்துக்குடித் தோணி ஒன்றை நூறில் ஒரு பங்கு அளவில், பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் செய்துவருகிறேன். நூறடித் தோணி என் மேசையில் ஓரடி. உடல் பகுதி சீக்கிரமே முடிந்தது. மேல்தளத்தில்தான் மாதக்கணக்கில் நின்றுவிட்டேன். தளத்துப் பலகைகளைத் தனித்தனியாக ஒட்டுவதில்லை. ஒரே தகட்டில் கோடு கீறித்தான் காட்ட வேண்டும்.

முதலில் பேப்பர் கத்தியால் கீறினேன். பெயின்ட் அடித்ததும் தளம் முழுக்க வரப்பு வரப்பாகத் தெரிந்தது. கத்தி பிளாஸ்டிக்கை இருபக்கமும் ஒதுக்குகிறது. ஒதுங்கியது கோட்டின் கரையில் மேடாக நிற்கிறது. பள்ளம் சுத்தமாக விழ வேண்டுமென்றால் அந்த இடத்துப் பிளாஸ்டிக் வெளியே வந்தாக வேண்டும்.

வழி கிடைத்தது பெயர்ப்பலகைக் கடையில். அங்கே அக்ரிலிக் தகட்டை, ஆக்ஸா பிளேடைக் கொக்கியாகத் தீட்டிய கருவியால் இழுத்துக் கீறி ஒடிப்பார்கள். வீட்டுக்கு வந்து, பழைய பிளேடைத் துணியில் சுற்றி, குறடால் மூன்று அங்குலம் ஒடித்து, முனையைக் கிளிமூக்காகச் சாணை பிடித்தேன். இரண்டு நொடி கல்லில், உடனே தண்ணீரில். சாதா கார்பன் எஃகு பிளேடு சூடேறி நீலம் பாய்ந்தால் முனை மெத்தென்று ஆகிவிடும். அந்த இடத்தை ஒடித்துப் போட்டுவிட்டுத் திரும்பத் தீட்ட வேண்டியதுதான். பிடிக்கு எம்-சீல் உருட்டி, அது காயுமுன் விரல்களை அழுத்திப் பதித்தேன்.

கீறிய தளத்தைப் பக்கத்துத் தெரு ஓடாவியிடம் காட்டினேன். ஆயுசு முழுக்க நிஜத் தோணி கட்டியவர். “அண்ணாச்சி, இந்தச் சந்துல கலப்பத்துப் பஞ்சு நிக்காது. தோணி கரையிலயே முங்கிரும்” என்றார். கணக்குப் போட்டேன். பிளேடின் கனம் சுமார் 0.6 மில்லிமீட்டர். நூறால் பெருக்கினால் ஆறு சென்டிமீட்டர்! பலகைகளின் இடுக்கை அடைக்கும் பஞ்சு அவ்வளவு அகலத்தில் நிற்காது. அவர் சொன்னது சரி. முனையின் இரு பக்கத்தையும் எண்ணெய்க் கல்லில் தேய்த்து 0.2-க்குக் கொண்டுவந்தேன்.

அடுத்த கவலை, கோடுகளின் இடைவெளி. ஒவ்வொன்றையும் அளந்து கீறினால் பத்தாவது பலகை கோணிவிடும். அதற்கு மூன்று பிளேடுத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டினேன். நடுத்துண்டு குட்டை. ஒரு வெளிமுனை கூர், மற்றது மழுங்கல். மழுங்கல் முந்தைய பள்ளத்தில் ஓடும். கூர்முனை அடுத்த கோட்டைக் கீறும். இடைவெளி 1.2 மில்லிமீட்டர், நிஜத்தில் ஏறக்குறைய ஐந்தங்குலப் பலகை. முதல் கோட்டுக்கு மட்டும் இரும்பு ஸ்கேல். இந்த மூன்று துண்டுக் கருவியைத்தான் என் மேசையில் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன்.

இழுக்கும்போது அழுத்தவே கூடாது. முதல் இழுப்புக்குக் கருவியின் எடையே போதும். நாலைந்து இழுப்பில் ஆழம் வந்துவிடும். தலைமுடி போலச் சுருள் வந்தால் முனை சரி. தூளாக உதிர்ந்தால் மறுபடி கல்லுக்குப் போங்கள். கடைசியில் 600 நம்பர் எமரித்தாளைத் தண்ணீரில் நனைத்து ஒரு தேய்ப்பு.

எட்டு சென்டிமீட்டர் அகலத் தளத்தில் அறுபதுக்கு மேல் கோடுகள் விழுந்திருக்கின்றன. நீங்களும் செய்து பாருங்கள். பிளேடை ஒடிக்கும்போதும் சாணை பிடிக்கும்போதும் கண்ணாடி போடாமல் உட்காராதீர்கள், சில்லு தெறிக்கும்.