திறமூல மென்பொருளும் நம் பெண்களும்

மார்கழி மாதத்து விடியற்காலையில் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளைச் சுற்றி வந்தால் வாசலுக்கு வாசல் கோலங்களைக் காணலாம். நன்றாக அமைந்த கோலம் ஒன்றைக் கண்டதும் எதிர் வீட்டுப் பெண் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை புள்ளி?" என்பதே. "15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை" என்று விடை வரும். அது போதும். மறுநாள் அதே கோலம் எதிர் வாசலில் இருக்கும். ஓரத்தில் ஒரு தாமரை கூடியிருக்கும். பிறகு அது ஒரு கோல நோட்டில் ஏறி, திருமணமாகிப் போகும் பெண்ணுடன் வேறு ஊருக்கும் போய்விடும். இதற்காக யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. காசு கொடுப்பதும் இல்லை.

கணிப்பொறி உலகில் திறமூல மென்பொருள் என்று சொல்லப்படுவதும் ஏறத்தாழ இதுதான். கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுப்பை நிரல் என்கிறோம். மனிதர் படித்து அறியும் வடிவில் அதை எழுதும்போது அது மூல நிரல். பின்னர் அது இயந்திரத்திற்கு மட்டுமே புரியும் 0, 1 என்ற வரிசையாக மாற்றப்படுகிறது. விலைக்கு வாங்கும் மென்பொருள்கள் பல இந்த இரண்டாம் வடிவில் மட்டுமே நம் கைக்கு வருகின்றன. அதாவது, கோலத்தைப் பார்க்கலாம். புள்ளிக் கணக்குக் கிடைக்காது. திறமூல மென்பொருளில் புள்ளிக் கணக்கும் சேர்ந்தே வரும். யார் வேண்டுமானாலும் அதைப் பயன்படுத்தலாம், படித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குத் தரலாம். லினக்ஸ், பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ், பைத்தான் எல்லாம் இவ்வகையைச் சேர்ந்தவை. உங்கள் ஆண்ட்ராய்டு செல்பேசியின் அடித்தளத்தில் ஓடிக்கொண்டிருப்பதும் லினக்ஸ்தான்.

கோலத்தைக் கணிப்பொறியோடு ஒப்பிடுவதை வெறும் உவமை என்று எண்ணிவிட வேண்டாம். கோலங்களை உருவாக்கும் விதிகளைக் கணிப்பொறி மொழிகளின் இலக்கணத்தைப் போல எழுத முடியும் என்று 1974-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அதை எழுதிய மூவர் கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருத்திவாசன். மூவரில் இருவர் பெண்கள்.

ஆயினும், கோல நோட்டு முழுவதும் பெண்களின் கையெழுத்தாக இருக்க, உலகின் திறமூல நிரல்களில் பெண்களின் கையெழுத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 2002-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இத்துறையில் உழைப்போர் ஏறத்தாழ 2,800 பேரிடம் கருத்துக் கேட்டனர். அவர்களுள் பெண்கள் 1.1 விழுக்காடு. 15 ஆண்டுகள் கழித்து, 2017-இல், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் 5,500 பேரிடம் கேட்டபோதும் பெண்கள் 3 விழுக்காடுதான்! திருச்சியில் ஹோலி கிராஸ் கல்லூரி, சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரி ஆகியவற்றின் கணிப்பொறி வகுப்புகளை நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் இத்துறையைப் படிக்கும் பெண்களுக்கா பஞ்சம்?

பெண்களுக்குத் திறமை போதாது என்று சொல்லுவோர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடையளிக்க ஓர் ஆய்வு உண்டு. திறமூலத் திட்டம் ஒன்றில் வெளியார் ஒருவர் திருத்தம் செய்து அனுப்பினால், பொறுப்பாளர்கள் படித்துப் பார்த்து ஏற்பார்கள் அல்லது தள்ளுவார்கள். கிட்ஹப்பில் இவ்வாறு வந்த ஏராளமான திருத்தங்களை அமெரிக்க ஆய்வாளர்கள் அலசி, 2017-இல் முடிவை வெளியிட்டனர். பெண்கள் அனுப்பியவற்றில் 78 விழுக்காட்டுக்கும் மேல் ஏற்கப்பட்டது. ஆண்கள் அனுப்பியவற்றில் 74.6 விழுக்காடு. ஆனால், திட்டத்துக்குப் புதியவராகிய ஒருவர் பெண் என்பது பெயராலோ படத்தாலோ வெளிப்படையாகத் தெரிந்தபோது அந்த நிலை மாறியது; ஏற்கப்படும் அளவு ஆண்களுடையதைவிடக் குறைந்தது. நிரல் அப்படியேதான் இருந்தது. பார்த்த கண்தான் வேறு.

இன்னொரு நிகழ்ச்சி இயற்பியல் மாணவர்கள் அறிய வேண்டியது. 2019 ஏப்ரல் 10 அன்று எம் 87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் படம் வெளியாயிற்று. உருவத்தைத் தொகுக்கும் முறைகளை வகுத்தவர்களுள் ஒருவரான கேட்டி பௌமன் என்ற இளம்பெண்ணின் முகம் செய்தித்தாள்களில் வந்தது. உடனே சிலர், திறந்து வைக்கப்பட்டிருந்த நிரலில் வரிகளை எண்ணத் தொடங்கினர். 9 லட்சம் வரிகளில் எட்டரை லட்சம் வரிகள் ஆண்ட்ரூ செயில் என்பவருடையவை, ஆகவே அந்தப் பெண் செய்தது ஒன்றுமில்லை என்று பரப்பினர். மறுத்தவர் அந்தச் செயிலே! அந்த மென்பொருளில் இருப்பதே சுமார் 68,000 வரிகள்தான் என்றும், பௌமனின் பங்கு இல்லாமல் அது வெற்றி பெற்றிருக்காது என்றும் அவர் எழுதினார். உழைப்பை வரிக் கணக்கால் அளப்பது, சமையலை உப்பின் எடையால் அளப்பது போன்றது.

அழைத்தால் வருவார்களா?

கதவுதான் திறந்திருக்கிறதே, வர விரும்பும் பெண்கள் வரட்டுமே என்று கேட்கலாம். க்னோம் என்னும் லினக்ஸ் திட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். 2006-இல் கூகுள் நடத்திய கோடைக்காலப் பயிற்சியின் கீழ் அத்திட்டத்திற்கு 181 பேர் விண்ணப்பித்தனர். ஒருவர்கூடப் பெண் இல்லை. திட்டத்தினர் திகைத்துப் போய், பெண்களுக்கென்றே அதே போன்ற பயிற்சி ஒன்றை அறிவித்தனர். சில நாள்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்தனர்! அவர்களுள் 6 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அந்த முயற்சி 2010-இல் மீண்டும் தொடங்கி, இன்று அவுட்ரீச்சி என்ற பெயரில் ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. வீட்டிலிருந்தபடியே மூன்று மாத வேலை, கூடவே ஒரு வழிகாட்டி, 7,000 டாலர் உதவித்தொகை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இதன் வழியாக வந்துவிட்டனர். இன்று பெண்களோடு, இத்துறையில் அருகியிருக்கும் பிற பிரிவினரும் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

181-இல் பூஜ்யமாக இருந்தது எப்படி நூறாயிற்று? அந்தச் சில நாள்களில் பெண்களின் திறமை கூடிவிடவில்லை. "உங்களைத்தான் கேட்கிறோம்" என்று ஒருவர் சொன்னார், அவ்வளவே. என் அனுபவத்திலும், அரைகுறை நிரலைத் துணிந்து காட்டும் மாணவர்களுக்கு நடுவே, முழுமையாக எழுதி முடித்ததைக்கூட, "இன்னும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்" என்று மூடி வைத்துக்கொள்ளும் மாணவியரே மிகுதி.

எங்கே தொடங்குவது? ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ஏழு திருச்சுற்றுகள் என்பது நீங்கள் அறிந்ததே. வெளிச்சுற்றுகளில் வீடுகளும் கடைகளும் இருக்கின்றன. அங்கேயே ஊர் வாழ்கிறது. திறமூலக் குழுக்களும் சுற்றுச் சுற்றாக அமைந்தவையே. பயன்படுத்துவோர் வெளிச்சுற்று. பிழை கண்டு சொல்வோர், மொழிபெயர்ப்போர், விளக்கம் எழுதுவோர் அடுத்தது. நிரலைத் திருத்துவோர் அதற்கும் உள்ளே. பொறுப்பாளர்கள் நடுவில். வெளிச்சுற்றிலிருந்து தொடங்கி உள்ளே போவதில் இழுக்கு எதுவும் இல்லை. பலரும் அப்படித்தான் போயிருக்கிறார்கள்.

தமிழ் வழியில் படித்தவர்கள் நீங்கள் இதற்குத் தயங்க வேண்டியதில்லை. 2018-க்குப் பின் வந்த நம் மேல்நிலைப் பாடநூல்களிலேயே ஓப்பன் ஆபீசும் பைத்தானும் இடம் பெற்றுள்ளன. து. நித்யா என்பவர் 'எளிய தமிழில்' என்ற வரிசையில் கணிப்பொறி நூல்களை எழுதி, யாரும் படிக்கவும் பகிரவும் உரிமை கொடுத்திருக்கிறார். அதுவும் திறமூலப் பணியே. புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் உருவாக்கிய எக்ஸ்ப்ஐஸ் என்ற இயற்பியல் ஆய்வுக் கருவியின் மின்சுற்றும் நிரலும் எல்லோருக்கும் திறந்தவை. அதைக் கொண்டு சோதனை செய்து, செய்முறையைத் தமிழில் எழுதித் தரலாமே.

கல்லூரிகளுக்கும் ஒரு வேலை உண்டு. லினக்ஸ் ஆர்வலர் கூட்டத்தை ஞாயிறு மாலை ஊரின் வேறு மூலையில் வைத்தால் விடுதி மாணவி எப்படி வருவாள்? ஆறு மணிக்கு விடுதிக் கதவு மூடிவிடுமே. கூட்டத்தை வேலைநாளில், கல்லூரி ஆய்வகத்திலேயே, பிற்பகல் இரண்டு மணிக்கு வையுங்கள். "ஆர்வமுள்ளோர் வரலாம்" என்று பலகையில் எழுதுவதோடு நிற்காமல், பெயர் சொல்லி அழையுங்கள். யாரேனும் இழிவாகப் பேசினால் என்ன நடக்கும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். பெரிய திட்டங்கள் பலவும் அவ்வாறு நடத்தை விதிகளை வைத்துள்ளன.

முதல் வேலையாக ஒரு பிழை அறிக்கை எழுதிப் பாருங்கள். சில மென்பொருள்களில் வரைபடத்தின் மேல் தமிழில் தலைப்பிட்டால் 'கொ' என்ற எழுத்து பிளந்து, கொம்பு ஒரு புறமும் கால் ஒரு புறமுமாக இடம் மாறி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். தமிழ் அறியாத பொறுப்பாளருக்கு அது பிழை என்றே தெரியாது. என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, மென்பொருளின் எந்தப் பதிப்பு என்ற நான்கையும் எழுதி, திரையின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். நோக்கம், செய்முறை, காண்பன, முடிவு என்று ஆய்வகப் பதிவேடு எழுதிப் பழகிய கைக்கு இது அரை மணி நேர வேலை.