பாண்டியர் மதிற்பொறிகளும் மாய யானையும்

பேருருவ யுத்த இயந்திரத்தைக் கற்பனையில் சமைப்பது நம் காலத்துத் திரைப்படங்களுக்கே உரியதென்று எண்ணுவோர், பாண்டியரின் தலைநகராகிய மதுரையின் மதிலைச் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை வருணிக்கும் பகுதியை அவசியம் வாசிக்க வேண்டும். தானே வளைந்து அம்பெய்யும் வில்லும், நெருங்கியவரைக் கடிக்கும் கருவிரற் குரங்கும், மதில்மேல் ஏறியவன் உடலைக் கொம்பினாற் கிழிக்கும் இரும்புப் பன்றியும் அங்கே காவல் நின்றன.

இவை யாவும் இடம்விட்டு நகராதவை. நிலத்தில் நடமாடும் போர்ப்பொறிக்கோ, 1924-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த பெருங்கதையின் உதயணன் சரித்திரத்தை நாட வேண்டும். யாழிசையால் வேழங்களை வசப்படுத்த வல்ல உதயணனைச் சிறைபிடிக்கக் கருதி, உஞ்சை மன்னன் பிரச்சோதனன் அனுப்பிய களிறு மரத்தாலானது. அதன் வயிற்றுக்குள் ஆயுதபாணிகளான வீரர்கள் மூச்சடக்கி ஒளிந்திருந்தனர். வேகத்தையும் வலிமையையும்விட, உயிருள்ள களிறே என்று நம்பவைக்கும் தோற்றத்தையே அதன் சிற்பி பிரதானமாகக் கொண்டான். யானையின் இயல்பறிந்த அரசனையே ஏமாற்றிய அத்திறமைக்கு ஈடான யுத்தக் கற்பனை நம் பழங்கதைகளில் அபூர்வம்.