நடு ஆடும்போதே இறக்க வேண்டிய கேக்

எங்கள் வட்டுக்கோட்டைக்குக் கேக் புதிதல்ல. 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் செமினறி தொடங்கிய ஊர் இது. நத்தார் வந்தால் வேதக்கார வீட்டுக் கேக் துண்டு வேலி தாண்டிச் சைவ வீடுகளுக்கும் வரும். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, கலியாணம் என்று எதற்கும் இன்று பட்டர் கேக் வேண்டும். அந்த ஓடர்களை நம்பித்தான் என் வீட்டு அடுப்பும் பல வருடங்களாக எரிகிறது.

அப்படிப் பழகிய கைக்கு ஒரு கேக் பாடம் சொல்லித் தந்த கதையைத்தான் சகோதரிகளே, இங்கே எழுதுகிறேன்.

பாரிஸில் வாழும் என் தங்கையின் மகள் ஆகஸ்ட் விடுமுறையில் வந்திருந்தாள். பதினைந்து வயது. பெட்டிக்குள் கறுப்புச் சொக்லேட்டும் பாதாம் மாவும் கொண்டு வந்தாள். நல்லூர்க் கொடி ஏறியிருந்ததால் வீட்டில் முட்டை இல்லை. திருவிழா முடியும்வரை பொறுத்திருந்தோம். அதற்குள் பிள்ளை சொன்ன கேக்கைப் பற்றி அயலில் கதை பரவி, பக்கத்து ஒழுங்கையில் ஒரு பிறந்தநாளுக்கு அதையே கேட்டு முன்பணமும் தந்துவிட்டார்கள்.

அந்தக் கேக்கின் பெயர் "ரேன் து சபா". சேபா நாட்டு அரசி என்பது பொருள். சாலொமோன் ராஜாவைக் காண வந்ததாக வேதாகமம் கூறும் அதே அரசிதான்.

முதல் கேக் காய்ந்தது

பிள்ளை அளவு சொன்னாள், நான் செய்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் "பெரியம்மா, இப்ப இறக்குங்கோ" என்றாள். ஈர்க்கைக் குத்திப் பார்த்தேன். நடுவில் பசையாக ஒட்டியது. "இன்னும் வேகேல்லைப் பிள்ளை. எனக்குத் தெரியாதே?" என்று மேலும் பதினைந்து நிமிடம் வைத்தேன். ஈர்க்குச் சுத்தமாக வந்தது. ஆனால் ஆறிய பின் வெட்டினால் பொருபொருவென்று உதிர்ந்தது. பிள்ளை ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டாள். மிச்சமிருந்த சொக்லேட் இன்னும் ஒரு கேக்குக்கு மட்டுமே போதும். மறுநாள் பிறந்தநாள்.

இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். பட்டர் கேக்கின் சட்டத்தை இந்தக் கேக்கின் மேல் சுமத்தியதுதான் பிழை. பட்டர் கேக்கில் மா அதிகம், நடு வரை வேக வேண்டும். இதிலோ மா கொஞ்சம், பேக்கிங் பவுடர் அறவே இல்லை. அடித்த வெள்ளைக்கருவில் உள்ள காற்றுத்தான் கேக்கை எழுப்புகிறது. ஈரலிப்பைத் தருவது பாதாமின் எண்ணெய்ப்பற்றும் பட்டரும் சொக்லேட்டும். சூட்டில் இளகியிருக்கும் கொக்கோக் கொழுப்பு ஆறும்போது இறுகும். ஆகவே அவணில் பதமாகத் தெரியும் நடு, ஆறிய பின் தானே பதத்துக்கு வரும். அதையும் அவணிலேயே இறுக வைத்தால் காய்ந்துவிடும்.

இதில் புதுமை என்ன? ரவையும் கஜுவும் போட்டு நாம் செய்யும் லவ் கேக்கும் மேலே இறுகி உள்ளே ஈரமாகத்தானே இருக்க வேண்டும்? தெரிந்த சங்கதியைத்தான் வேறு பெயரில் வந்ததால் மறந்துவிட்டேன்.

செய்முறை

தேவையானவை: கறுப்புச் சொக்லேட் 115 கிராம், உப்பில்லாத பட்டர் 115 கிராம், சீனி 130 கிராம், முட்டை 3, பாதாம் மா 40 கிராம், அரித்த கோதுமை மா 60 கிராம், கடுங் கோப்பி 2 மேசைக்கரண்டி, பாதாம் எசன்ஸ் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

1. 8 அங்குல வட்டத் தட்டுக்குப் பட்டர் பூசி ஓயில் பேப்பர் போடுங்கள். அவணை 180 பாகை செல்சியஸில் சூடாக்குங்கள்.

2. சொக்லேட்டையும் கோப்பியையும் ஒரு பாத்திரத்தில் இட்டு, சுடுநீரின் மேல் வைத்து உருக்குங்கள்.

3. பட்டரையும் சீனியையும் வெளிறும் வரை அடித்து, மஞ்சட்கருக்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். பின்பு சொக்லேட், பாதாம் மா, எசன்ஸ் சேருங்கள்.

4. வெள்ளைக்கருவில் உப்பிட்டு அடியுங்கள். நுரைத்து வரும்போது ஒரு மேசைக்கரண்டி சீனி போட்டு, கரண்டியைத் தூக்கினால் நுனி நிற்கும் வரை அடியுங்கள். பாத்திரத்தில் மஞ்சட்கருவோ எண்ணெய்யோ துளியும் இருந்தால் நுரைக்காது.

5. அதில் காற்பங்கைச் சொக்லேட் கலவையில் கலந்து இளக்குங்கள். மிகுதியையும் கோதுமை மாவையும் மாறி மாறிச் சேர்த்து, நுரை அடங்காமல் மெதுவாகப் பிரட்டுங்கள்.

6. சுமார் 25 நிமிடம் வேக வையுங்கள். ஓரத்தில் குத்திய ஈர்க்குச் சுத்தமாக வர வேண்டும். தட்டை அசைத்தால் நடு மெல்ல ஆட வேண்டும். அப்போதே இறக்குங்கள். 10 நிமிடத்தின் பின் கவிழ்த்து, முழுதாக ஆற விடுங்கள்.

பாதாமின் விலை கட்டாதவர்கள் கஜுவை வெயிலில் உலர்த்தி, ஒரு கரண்டி சீனியோடு விட்டு விட்டு அரைக்கலாம். தொடர்ந்து அரைத்தால் எண்ணெய் கக்கும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முட்டை நன்றாக வேக வேண்டும் என்பதால், மேலும் சில நிமிடம் வைத்து நடுவும் இறுகிய பின்னரே கொடுங்கள். பருப்பு வகை ஒவ்வாமை உண்டா என்று ஓடர் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கண்டியில் இருந்த பெண்

இந்தக் கேக்கை ஆங்கில வாசகரிடையே பரப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பெண்மணி ஜூலியா சைல்ட். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1944 இல், அமெரிக்க உளவுச் சேவையின் கோவைகளைப் பராமரிக்கும் பணிக்காக அவர் இலங்கை வந்து கண்டியில் இருந்தார். அப்போது வயது 31, சமையல் தெரியாது. தம் கணவராகப் போகும் போல் சைல்டைச் சந்தித்ததும் இந்நாட்டில்தான். பாரிஸின் கோர்டோன் புளூ சமையற் பள்ளியில் அவர் சேர்ந்தபோது வயது 37. இறுதிப் பரீட்சையில் முதல் தடவை சித்தியடையவில்லை. மீண்டும் எழுதினார். சிமோன் பெக், லூயிசெத் பெர்த்தோல் ஆகிய இரு பிரெஞ்சுப் பெண்களோடு அவர் எழுதிய நூல் 1961 இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 49. அந்த நூலில் இந்தக் கேக்கும் இடம்பெற்றது.

மறுநாள் காலை இரண்டாவது கேக்கை வைத்தேன். 25 நிமிடமானது. தட்டை அசைத்தேன். நடு ஆடியது. மிச்சச் சொக்லேட் எல்லாம் அதற்குள். வாங்கிய முன்பணமும், இவ்வளவு கால நல்ல பெயரும் அதற்குள். "இறக்கட்டே பிள்ளை?" என்று கேட்டேன். "ஓம் பெரியம்மா, ஆடினால்தான் சரி" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு இறக்கினேன்.

பின்னேரம் பிறந்தநாள் வீட்டில் வெட்டியபோது ஓரம் மென்மையாகவும் நடு பதமாகவும் இருந்தது. தட்டில் ஒரு துண்டும் மிஞ்சவில்லை. போகும்போது இன்னொரு தாய் அடுத்த மாதத்துக்கு ஓடர் தந்தார். இம்முறை பொருட்களின் விலையோடு காஸுக்கும் என் கைவேலைக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தே விலை சொன்னேன். அதையும் பிள்ளைதான் கொப்பியில் எழுதித் தந்தாள்.

வருடக்கணக்கான பழக்கம் நல்ல ஆசான்தான். ஆனாலும் சில நேரம், பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் சொல்லையும் கேட்கத்தான் வேண்டும்.